கமர்ஷியல் குளமா, ஆறா? இங்கிலாந்தில் தூண்டில் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வந்த பிறகு தூண்டில் பிடிக்கத் தொடங்கியவர்களும், ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் பிடித்துப் பழகி இங்கே தொடர நினைப்பவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: காசு கட்டி, மீன் விட்டு வளர்க்கும் குளத்துக்குப் போவதா, இல்லை ஆறு, கால்வாய், பழைய ஏரி என்று தேடிப் போவதா? இரண்டிலும் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோர்ஸ் ஃபிஷிங் என்கிறார்களே, அது என்ன மீன்?

நன்னீர் மீன்களை இங்கே இரண்டாகப் பிரிப்பார்கள். சால்மனும் ட்ரௌட்டும் கேம் மீன்கள். ரோச், ப்ரீம், டென்ச், சப், டேஸ், பார்பல், பெர்ச், பைக், கெண்டை எல்லாம் கோர்ஸ் மீன்கள். இதில் கெண்டை நமக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டு ஏரிகளில் வளர்ப்புக்கு விடும் சாதாக் கெண்டையும் இங்கே எல்லோரும் துரத்தும் காமன் கார்ப்பும் ஒரே இனம்.

கமர்ஷியல் என்று எதைச் சொல்கிறார்கள்?

தூண்டில்காரர்களுக்கென்றே வெட்டி, கெண்டையை நெருக்கமாக விட்டு, நாள் வாடகைக்குத் திறந்துவிடும் குளங்களை. 1980களிலிருந்து விவசாயிகள் பலர் வயல் ஓரத்தில் குளம் வெட்டி இதில் இறங்கினார்கள். வாரிக்‌ஷயரில் டன்னல் பார்ன் ஃபார்ம், வோர்ஸ்டர்‌ஷயரில் லார்ஃபோர்ட், டான்காஸ்டர் பக்கம் லிண்ட்ஹோம், கார்ன்வாலில் வைட் ஏக்கர்ஸ் என்று நாடு முழுக்க இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்தால் எண் போட்ட மரமேடை இருக்கும். அதற்குப் பெயர் பெக். பக்கத்திலேயே கழிப்பறையும் டீக்கடையும் இருக்கும். இங்கே போட்டிகள் பெரும்பாலும் ஐந்து மணி நேரம். அதற்குள் ஒரே ஆள் நூறு பவுண்டு எடை மீன் பிடிப்பது கமர்ஷியலில் அதிசயமில்லை. கால்வாயில் அதே ஐந்து மணி நேரத்தில் பத்து பவுண்டு பிடித்தால் கைகுலுக்குவார்கள்.

இயற்கை நீர்நிலை என்பது உண்மையிலேயே இயற்கையானதா?

பல இடங்களில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால், கமர்ஷியல் செயற்கை, மற்றதெல்லாம் இயற்கை என்ற வீண் சண்டை ஓய்ந்துவிடும். நார்ஃபோக் ப்ராட்ஸ் என்ற ஏரிகளைப் பார்த்தால் ஆதிகாலத்து நீர்ப்பரப்பு போலத்தான் இருக்கும். உண்மையில் இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரி மண் தோண்டிய குழிகளில் தண்ணீர் ஏறியதால் உண்டானவை அவை. இதை ஆய்வாளர்கள் நிறுவியதே 1950களில்தான். கால்வாய்கள் சரக்குப் படகுக்காக வெட்டியவை. பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் இன்று பெரிய கெண்டைக்குப் பேர்போன ஏரிகள் ஜல்லி தோண்டிய பள்ளங்கள்.

மீனும் அப்படித்தான். கெண்டை இந்தத் தீவின் சொந்த மீனே அல்ல, இடைக்காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. 1952இல் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்த ரெட்மையர் குளத்தைக் கெண்டைக்காரர்கள் கோயில் மாதிரி மதிக்கிறார்கள். அங்கே இருந்த மீன்களும் 1930களில் பண்ணையிலிருந்து வாங்கி விட்டவை. செவர்ன் ஆற்றில் பார்பல் இருப்பதற்குக் காரணம் 1956இல் கென்னட் ஆற்றிலிருந்து கொண்டுபோய் விட்டதுதான்.

அதனால் யார் வெட்டியது, எப்போது விட்டது என்று பார்த்துப் பயனில்லை. மீன் தானே முட்டையிட்டுப் பெருகுகிறதா, தண்ணீரில் கிடைப்பதைத் தின்று வளர்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நான் அதை இயற்கை நீர் என்பேன். தூண்டில்காரர் போடும் பெல்லட் என்ற உருண்டைத் தீனியும் லாரியில் வரும் புது மீனும் இல்லாமல் ஓடாத குளம் கமர்ஷியல்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். எங்கே போகட்டும்?

கமர்ஷியலுக்கு. யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் இன்னும் நிச்சயமாக. முதல் நாளே தக்கை அமுங்க வேண்டும், கோல் வளைய வேண்டும், ஒரு மீனை ஈரக்கையால் பிடித்து முள்ளைக் கழற்றி விடத் தெரிய வேண்டும். மீன் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் இது ஒரே நாளில் நடக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், முட்டி வலியோடு சரிவில் இறங்க முடியாத பெரியவர்களுக்கும் அந்த மரமேடைதான் தூண்டில் பிடிக்கும் வழி. இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கமர்ஷியலில் மீனை எப்படி வரவழைப்பது?

தூரம் வீசாதீர்கள். கெண்டை ஓரத்துக்கு வரும் மீன். உங்கள் மேடையிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ நாலைந்து மீட்டர் தள்ளி, கரையை ஒட்டி இரண்டடி ஆழம் உள்ள இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிட்டிகை பெல்லட் போடுங்கள், சில நிமிடம் கழித்து இன்னொரு சிட்டிகை. தூண்டிலை இன்னும் இறக்க வேண்டாம். முதலில் அடியிலிருந்து பொடிக் குமிழிகள் வரும். அப்புறம் தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கலங்கும். கோரைத் தண்டு ஒன்று காற்றில்லாமலே ஆடும். அப்போது இறக்குங்கள். முள்ளில் ஒரு பெல்லட்டோ ஒரு சோளமுத்தோ போதும்.

தக்கை லேசாகத் துடித்தால் இழுக்காதீர்கள். மீனின் உடம்பு தங்கூசியில் உரசினாலும் அது துடிக்கும். அப்போது இழுத்தால் முள் வாயில் மாட்டாமல் செதிலில் மாட்டும், கூட்டமும் கலைந்துவிடும். தக்கை முழுதாக மறைந்தால் மட்டும் கோலைத் தூக்குங்கள்.

இதே வேலையை ஆற்றில் செய்தேன், ஒன்றும் கடிக்கவில்லை. ஏன்?

ஏனென்றால் ஆற்றில் மீன் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. குளத்தில் மீன் எங்கும் இருக்கிறது, வரவழைத்தால் போதும். ஆற்றில் நூறு மீட்டர் கரையில் மீன் நிற்கும் இடம் நாலோ ஐந்தோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி நாள் போகும்.

கரையில் நின்று தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். நடுவில் வேகமாகப் போகும் நீருக்கும் ஓரத்தில் மெதுவாகப் போகும் நீருக்கும் இடையே ஒரு கோடு தெரியும், சிற்றலையும் வழவழப்பும் சந்திக்கிற கோடு. ரோச்சும் சப்பும் மெதுவான பக்கத்தில், கோட்டை ஒட்டி நிற்கும். உடம்பை அலட்டாமல் நின்றுகொண்டு, வேக நீர் கொண்டுவரும் தீனியை எட்டிப் பிடிப்பதற்கு அதுதான் வசதி. தக்கையை அந்தக் கோட்டின் மேலேயே மிதந்து போக விட வேண்டும். மேல்நீரை விட அடிநீர் மெதுவாகப் போவதால், தக்கை தன் போக்கில் போனால் இரை இயல்பை மீறிய வேகத்தில் போகும். அதனால் தங்கூசியை விரலால் லேசாக அழுத்தி, தக்கையைக் கொஞ்சம் பிடித்து விட வேண்டும். பிடிக்கும்போது இரை அடியிலிருந்து மெல்ல மேலே எழும். கடி பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

இன்னொன்று: தீனியை உங்கள் காலடிக்கு நேரே போடாமல் நீரோட்டம் வரும் பக்கமாகப் போடுங்கள். அது அடியைத் தொடுவதற்குள் நீரோட்டம் வெகுதூரம் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துப் பதினைந்து புழு போதும், ஆனால் நிறுத்தாமல் போட வேண்டும்.

கால்வாயில்?

ரொட்டி. புது வெள்ளை ரொட்டித் துண்டிலிருந்து சின்ன வட்டமாக வெட்டி எடுத்து, மிகச் சிறிய முள்ளில் மாட்டினால் ரோச் வரும். தக்கை நுனியின் மிகச் சிறிய அசைவைப் பார்க்கக் கண் பழக வேண்டும். கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் சுமார் 2,000 மைல் நீர்வழியைப் பராமரிக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தூண்டில் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. நகரத்துக்குள்ளேயே, பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில், இவ்வளவு தண்ணீர் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

மீனின் நலனுக்கு எது மேல்?

நிர்வாகத்தைப் பொறுத்தது. நல்ல கமர்ஷியலில் கொக்கிப்பல் இல்லாத முள்தான் அனுமதி, மீனைப் புல்லில் போடாமல் மெத்தை விரித்துக் கையாள வேண்டும், வலைகளை மருந்து நீரில் முக்கிய பிறகே குளத்தில் இறக்க விடுவார்கள். இதெல்லாம் தொல்லைக்காக வைத்த விதிகள் அல்ல. கெண்டையைத் தாக்கும் கோய் ஹெர்பஸ் வைரஸ் ஒரு குளத்துக்குள் வந்தால், வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறியதும் மொத்தக் கெண்டையையும் அழிக்க வல்லது. அது தெரிந்தால் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும், மீன் உள்ளே வெளியே போகத் தடை விழும். ஈர வலையோடு குளம் குளமாகச் சுற்றுவதால் நோய் பரவும்.

நெருக்கத்துக்கு விலையும் உண்டு. போட்டிக் குளங்களில் ஒரு ஏக்கருக்கு ஆயிரம் பவுண்டு எடைக்கு மேல் மீன் இருப்பது சாதாரணம். கோடை இரவில் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்ஸிஜனை இழுத்துவிட, விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். காற்றடிக்கும் இயந்திரம் ஓடாவிட்டால் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். பலமுறை பிடிபட்ட கெண்டையின் உதட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓரம் தழும்பேறித் தடித்திருக்கும், சிலவற்றுக்கு ஒரு பக்கமே கிழிந்து ஆறியிருக்கும். அப்படிப்பட்ட மீன் அதிகம் தெரிகிற குளத்துக்கு நான் மறுபடி போவதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

எஃப்1 என்பது என்ன மீன்?

காமன் கார்ப்பையும் க்ரூசியன் என்ற சிறு கெண்டை அல்லது தங்கமீன் இனத்தையும் கலந்து பண்ணையில் உண்டாக்கிய கலப்பு. குளிரிலும் இரை எடுக்கும் என்பதால் குளத்துக்காரர்களுக்குப் பிடிக்கும், ஜனவரியிலும் வாடகை வருமே. ஆனால் கெண்டையும் தங்கமீனும் எங்கும் பரவியதில் அசல் க்ரூசியன் இனக்கலப்பால் பல குளங்களில் அடையாளமே இல்லாமல் போய்விட்டது. அதை மீட்கத் தனித் திட்டமே நடக்கிறது. நார்ஃபோக்கில் பண்ணைக் குட்டைகளைத் தூர்வாரி க்ரூசியனை மறுபடி விடுகிறார்கள்.

எந்தெந்த மாதம் தடை?

இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கக் கூடாது. ஜூன் 16 திறப்பு நாள். மீன் முட்டையிடும் காலத்துக்காக 1878ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம். குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1995இலும் கால்வாய்களுக்கு 2000இலும் இந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் கமர்ஷியலும் கால்வாயும்தான் கதி.

லைசென்ஸ் வேண்டுமா? குளத்துக்குத்தான் காசு கட்டுகிறோமே?

வேண்டும். இரண்டும் வேறு. குளத்துக்குக் கட்டுவது இடத்துக்காரருக்கு. 13 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் அரசின் ராட் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வரை இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். இணையத்தில் சில நிமிட வேலை.

பிடித்த மீனைச் சமைக்கலாமா?

நம்மவர்கள் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி. கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆற்று மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, பிடித்ததைத் திரும்ப விடுவது முதலில் புரியாதுதான். ஆனால் சட்டம் தெளிவு. ஆற்றில் ஒரு நாளைக்கு ஒருவர் 65 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பைக் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டர் வரை உள்ள கிரேலிங் இரண்டு, 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மீன் பதினைந்து வரை வைத்துக்கொள்ளலாம். சிறு மீனிலும் எவ்வெவ்வினம் என்று பட்டியல் உண்டு. விலாங்கை விட்டுவிட வேண்டும். குளத்திலும் கால்வாயிலும் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, எடுத்தால் திருட்டு. கமர்ஷியலில் அந்த அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், ஆற்றை வைத்திருக்கும் சங்கங்களில் பெரும்பாலானவை எல்லா மீனையும் திரும்ப விடச் சொல்லும். சங்க விதிதான் அந்த இடத்தில் செல்லும்.

சமைக்கத்தான் வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போய் கானாங்கெளுத்தி பிடியுங்கள். குழம்புக்கும் அதுதான் ருசி.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயக்குண்டைப் பயன்படுத்தலாமா?

கூடாது. 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈய எடைகளுக்கு 1987 முதல் தடை. அன்னப்பறவைகள் அதை விழுங்கிச் செத்ததால் வந்தது.

செலவு எதில் குறைவு?

கமர்ஷியலில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து பவுண்டு. அடிக்கடி போகிறவர் என்றால், உள்ளூர்ச் சங்கத்தின் வருடச் சந்தா மலிவு. லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: டெடிங்டன் மதகுக்குக் கீழே தேம்ஸ் கடல் ஏற்ற இறக்கம் உள்ள ஆறு, அங்கே பிடிக்க யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. லைசென்ஸும் தடை மாதங்களும் அங்கேயும் உண்டு. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று நேர அட்டவணை பார்க்காமல் கரையில் இறங்க வேண்டாம்.

ஆறுகளில் மீனே இல்லை என்கிறார்களே? நீர்நாயும் நீர்க்காகமும் தின்றுவிட்டனவாமே?

ஆறுகள் நல்ல நிலையில் இல்லை என்பது உண்மை. 2020இல் அரசு வெளியிட்ட கணக்குப்படி இங்கிலாந்து ஆறுகளில் 14 சதவீதம்தான் நல்ல சூழல் நிலையில் இருந்தன. மழை நாளில் நிரம்பி வழியும் கழிவுநீர், வயலிலிருந்தும் கோழிப் பண்ணையிலிருந்தும் வரும் பாஸ்பேட், கோடையில் வற்றும் நீர் எல்லாம் காரணம். வை ஆற்றில் ஒரு காலத்தில் வெள்ளைப் பூவாய்ப் பரந்திருந்த நீர்ச்செடி பாசியில் மூச்சுத் திணறிக் காணாமல் போனதற்கு இதுதான் காரணம்.

நீர்நாய் வேறு கதை. பூச்சிமருந்துகளால் ஏறக்குறைய அழிந்து, அவற்றைத் தடைசெய்த பிறகு மெல்லத் திரும்பி, 2011இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் தென்பட்டது. மீன் குறைந்துபோன ஆற்றில் அது பெரிய பார்பலைத் தின்னும்போது நமக்கு வலிக்கிறது, நானும் அந்த வலியை அறிவேன். ஆனால் குஞ்சுகள் பிழைத்து வளரும் ஆற்றுக்கு நீர்நாய் ஒரு பாரமே இல்லை. சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு அது. கமர்ஷியல்காரர்கள் சுற்றி வேலி போட்டுக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு வேலி போட முடியாது.

அப்படியானால் ஆற்றிலும் மீன் விட வேண்டியதுதானே?

விடுகிறார்கள். நாட்டிங்ஹம்‌ஷயரில் கால்வர்டன் என்ற இடத்தில் அரசின் மீன் பண்ணை இருக்கிறது. ரோச், டேஸ், சப், பார்பல் குஞ்சுகளை வளர்த்து, மீன் அழிந்துபோன ஆறுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் லைசென்ஸ் காசில்தான் அது நடக்கிறது. டூட்டிங் பக்கம் நம் மக்கள் நிறைய வசிக்கிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஓடும் வான்டில் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் அதைச் சாக்கடை என்றே எழுதிவிட்டார்கள். பிறகு தேறியது, சப்பும் பார்பலும் வந்தன. 2007இல் பெடிங்டன் கழிவுநீர் நிலையத்திலிருந்து கிருமிநாசினி ஆற்றில் இறங்கி ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே வீச்சில் செத்தன. மறுபடி மீன் விட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் குப்பை அள்ளினார்கள், இன்று மீண்டும் மீன் இருக்கிறது.

கமர்ஷியலில் மீன் விடுவது தூண்டிலுக்கு. ஆற்றில் விடுவது, அடுத்த தலைமுறை மீன் தானாகப் பிறக்கட்டும் என்று. தண்ணீரைச் சரிசெய்யாமல் விட்டால் அந்தக் குஞ்சுகளும் வீண்தான்.

எல்லோரும் கமர்ஷியலுக்கே போனால் என்ன நஷ்டம்?

பெரிய நஷ்டம். இந்தப் பக்கத்தை எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

இங்கிலாந்தில் ஓர் ஆற்றைக் கெடுத்தவனை நீதிமன்றத்துக்கு இழுக்க, அந்த ஆற்றில் உங்களுக்கு ஓர் உரிமை இருந்தால் வழி எளிது. மீன் பிடிக்கும் உரிமையை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைத்திருக்கும் சங்கத்துக்கு அது இருக்கிறது. ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் 1948இல் இதைப் பிடித்துக்கொண்டு தூண்டில்காரர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். சில வருடங்களிலேயே டர்பி நகரத் தூண்டில் சங்கம் ஒன்று, டெர்வென்ட் ஆற்றில் கழிவையும் சுடுநீரையும் விட்ட ஒரு பெரிய ஆலை, நகராட்சி, மின்சார வாரியம் மூன்றையும் எதிர்த்து வென்றது. வார இறுதியில் ரோச் பிடிக்கிறவர்கள் கட்டிய சந்தாவில் நடந்த வழக்கு.

அந்த அமைப்புதான் இன்றைய ஃபிஷ் லீகல். தண்ணீர் நிறுவனங்கள் சுற்றுச்சூழல் தகவல்களைக் கேட்டால் தர வேண்டியவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வாதாடி நிலைநாட்டியதும் அவர்களே. யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்ற சிற்றூரின் சங்கம் அவர்கள் துணையோடு அரசின் மீதே வழக்குப் போட்டது. ஆற்றைச் சீராக்க அரசு போட்ட திட்டம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது, சங்கம் மீன் பிடிக்கும் ஓடைக்கென்று உருப்படியான நடவடிக்கை இல்லை என்று. 2023இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2025இல் மேல்முறையீட்டிலும். அது ட்ரௌட் ஓடைதான், ஆனால் தீர்ப்பின் பலன் கோர்ஸ் ஆறுகளுக்கும் சேர்த்துத்தான்.

சங்கத்தில் ஆள் குறைந்தால் சந்தா குறையும், குத்தகை கைவிட்டுப் போகும். அப்புறம் அந்த ஆற்றில் வழக்குப் போட உரிமையுள்ள ஆள் இருக்க மாட்டார். வாரா வாரம் அதே வளைவில் உட்கார்ந்து, தண்ணீரின் நிறம் மாறியதை முதலில் கவனிக்கும் கண்ணும் இருக்காது.

சரி, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டும். ஆனால் இந்தக் கணக்கில்: கமர்ஷியலில் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள், ஆறு மூடியிருக்கும் மூன்று மாதமும் அங்கே போங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஆறோ கால்வாயோ வைத்திருக்கும் சங்கம் எது என்று உள்ளூர் தூண்டில் கடையில் கேட்டு, வருடத்துக்கு நாலு தடவைதான் போவீர்கள் என்றாலும் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். குளிர்காலத்தில், வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் நாளில் ஆற்றுக்குப் போங்கள். ரோச் பிடிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் யாரிடம் சொல்வது?

உடனே என்விரான்மென்ட் ஏஜென்சியின் 0800 80 70 60 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம். இடம், நேரம், தண்ணீரின் நிறம், வாசனை, எந்தக் குழாய்க்குக் கீழே தொடங்குகிறது, சாகும் மீன் எவை என்று சொல்லுங்கள். படம் எடுங்கள். தண்ணீரைத் தொட வேண்டாம். அழைப்புக்கு அவர்கள் தரும் குறிப்பு எண்ணை எழுதி வைத்து, அதைச் சங்கச் செயலாளருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள்.